செயின் சா போர் போச்சு: ரிங்கா, பிஸ்டனா, முழு கிட்டா, இல்ல புது மெஷினேவா?

கஜா புயல் அடிச்சது 2018 நவம்பர் 16. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை எப்படிக் கெடந்துச்சுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும், அந்த ரெண்டு மாசம் எங்க ஊர்ல காலைல எந்திரிச்சா செயின் சா சத்தம்தான். நானும் அப்பதான் ஒரு 58 சிசி சைனா மெஷின் வாங்குனேன். மச்சான் கொஞ்சம் காசு கூடப் போட்டு ஸ்டில் கம்பெனியோட எம்எஸ் 250 எடுத்தார். விழுந்த தென்னையெல்லாம் அறுத்து முடிச்ச பிறகு சவுக்கு, சீமைக் கருவேலம், வேலியோரம் நின்ன வேப்ப மரம்னு ரெண்டு மெஷினும் இத்தனை வருஷம் சோறு போட்டுச்சு, இந்த வருஷம் ரெண்டும் ஒரு மாச இடைவெளில படுத்துக்கிச்சு.

படுத்த விதம்தான் வேற வேற. என்னோடது மெல்ல மெல்லச் செத்துச்சு. மொதல்ல இழுவை கொறைஞ்சுது, அப்புறம் சூடு ஏறுனா ஸ்டார்ட் ஆகாது, நிழல்ல வச்சு ஒரு டீ குடிச்சிட்டு வந்து இழுத்தா ஓடும், கடைசில கயிறு இழுத்தா கெணத்துல வெறும் வாளி இழுக்கற மாதிரி எந்த எதிர்ப்பும் இல்லாம கைக்கு வந்துச்சு. மச்சானோடது ஒரே நாள்ல போச்சு. வேலைக்கு வந்த பையன் டூடி ஆயில் கலக்காத வெறும் பெட்ரோல ஊத்திட்டான், பத்து நிமிஷம் ஓடிருக்கும், கீச்சுனு ஒரு சத்தம், அவ்ளோதான்.

ரெண்டு பேரும் இதுக்கு முன்னாடி இஞ்சின் பிரிச்சதே இல்ல. நான் டிவிஎஸ் 50க்கு கார்புரேட்டர் கழட்டி மாட்டிருக்கேன், அதுவே என் அதிகபட்ச அனுபவம். அதனால இதை ஏற்கனவே தெரிஞ்சவங்களுக்கு எழுதல, மொத தடவை வீட்டுல பிரிக்கலாமா வேணாமான்னு யோசிக்கறவங்களுக்கு எழுதுறேன். என்னென்ன வழி இருக்கு, எது யாருக்கு சரி வரும், நாங்க எதை எடுத்தோம்னு பாப்போம்.

கடைக்காரர்ட்ட கேட்டா கிட், அதாவது சிலிண்டரும் பிஸ்டனும் சேந்த செட்டு, மாத்துங்கம்பார், மெக்கானிக்கிட்ட கேட்டா பிஸ்டன சுத்தி இருக்கற ரிங் போட்டா போதும்பார், வீட்ல கேட்டா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்கம்பாங்க. உண்மைல இதை முடிவு பண்றது இவங்க யாரும் இல்ல, நாமளும் இல்ல, அந்த சிலிண்டரோட உள்சுவர்தான், போர்னு சொல்றது அதத்தான். அதைப் பாக்காம ஒரு ரூபா செலவு பண்ணாதீங்க.

பாக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. சைலன்சர் ரெண்டு மூணு போல்ட்தான், கழட்டுனா எக்சாஸ்ட் ஓட்டை வழியா பிஸ்டன் நேராத் தெரியும். செல்போன் டார்ச் அடிச்சு, கயித்த மெதுவா இழுத்து பிஸ்டன மேல கீழ நகத்திப் பாருங்க. நல்ல பிஸ்டன்ல மெஷின்ல கடைஞ்ச மெல்லிசு கோடு குறுக்க இருக்கும், அது இருக்கணும். மேலேருந்து கீழ நெடுக்குவாட்டுல பூனை பிராண்டுன மாதிரி கோடு விழுந்திருந்தா அது பிடிச்சுக்கிட்டதோட அடையாளம். மச்சான் மெஷின்ல அப்படித்தான் இருந்துச்சு, பிஸ்டன் ஈயம் பூசுன மாதிரி இழுபட்டு, ரிங்கு அதோட பள்ளத்துலயே ஒட்டிக்கிட்டு அசையவே இல்ல. என்னோடதுல எக்சாஸ்ட் பக்கம் பெரிய கோடு எதுவும் இல்ல, ஆனா கார்புரேட்டர கழட்டி அந்தப் பக்கமா பாத்தா பிஸ்டனோட பாவாடைப் பகுதி பளபளப்பு போயி சாம்பல் கலர்ல மங்கிக் கெடந்துச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி. அது தூசி தின்னது. ஏர் ஃபில்டர எடுத்து வெயில்ல காட்டுனேன், ஓரத்துல ஒரு கிழிசல், அதுல என் சுண்டுவிரல் நுழையுது. எத்தனை மாசமா அப்படி ஓடுச்சோ தெரியாது.

இந்த வித்தியாசம் முக்கியம். எக்சாஸ்ட் பக்கம் மட்டும் கோடுன்னா சூடு, எண்ணெய் பத்தாமை, இல்ல எங்கயோ காத்து உள்ள போயி பெட்ரோல் பத்தாம லீனா ஓடிருக்கு. இன்டேக், அதாவது கார்புரேட்டர் பக்கம் தேய்மானம்னா தூசி. சுத்தி வட்டமா எல்லாப் பக்கமும் இழுபட்டிருந்தா வெறும் பெட்ரோல். எதனால செத்துச்சுன்னு தெரியாம புது பிஸ்டன் போட்டா அதுவும் அதே வழில போகும், சில சமயம் மொத டேங்க் முடியறதுக்குள்ளயே.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் உள்ள காத்த எவ்ளோ அழுத்துதுங்கற கணக்கு. கேஜ் நான் டூ வீலர் மெக்கானிக் அண்ணன்ட்ட ஒரு நாள் கடன் வாங்குனேன், பிளக் மரை 14 மிமீதான், அப்படியே ஏறும். ஒரு விஷயம் கவனிங்க, கேஜோட வால்வு டியூபோட நுனில, அதாவது பிளக் ஓட்டைக்குப் பக்கத்துலயே இருக்கணும், இல்லன்னா இவ்ளோ சின்ன இஞ்சினுக்கு அந்த டியூப்புக்குள்ள இருக்கற காத்தே கணக்கக் கெடுத்து கம்மியாக் காட்டும். ஆக்சிலேட்டர முழுசா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு முள்ளு ஏறாம நிக்கற வரைக்கும் இழுக்கணும். 140, 150 பிஎஸ்ஐ வந்தா நல்ல ஆரோக்கியம், 110க்குக் கீழ வந்தா வயசாயிருச்சு, 90க்குக் கீழன்னா ஸ்டார்ட் ஆனாலே பெரிய விஷயம். என்னோடது 85. பிளக் ஓட்டைல அஞ்சாறு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி இழுத்தா 110 வந்துச்சு, எண்ணெய் இடைவெளிய அடைச்சதும் ஏறுதுன்னா ரிங்கும் போரும்தான் தேஞ்சிருக்குன்னு அர்த்தம்.

இப்ப வழிகளுக்கு வருவோம்.

ரிங் மட்டும் மாத்தறது. இருக்கறதுலயே கம்மி செலவு, அதனாலயே எல்லாரும் மொதல்ல இதத்தான் நினைப்பாங்க. பிஸ்டன் நல்லாருந்து, போர் நல்லாருந்து, ரிங்கு மட்டும் தேஞ்சிருந்தா இது போதும், ஆனா அப்படி ஒரு மெஷின் நம்ம கைக்கு வர்றது அபூர்வம், தூசி தின்ன மெஷின்ல பிஸ்டனும் சேந்துதான் தேஞ்சிருக்கும். பழைய ரிங்க கழட்டி போருக்குள்ள விட்டு, பிஸ்டன் தலையால நேரா தள்ளி வச்சு, ரெண்டு முனைக்கும் நடுவுல பில்லர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு, விட்டுப் பாருங்க. 0.2லேருந்து 0.4 மிமீக்குள்ள இருந்தா ரிங்கு மேல தப்பே இல்ல. எனக்கு 0.9 போச்சு. சரி ரிங்குதான்னு சந்தோஷப்பட்டேன், அப்புறம் பிஸ்டன போருக்குள்ள விட்டு ஆட்டிப் பாத்தா கடகடன்னு ஆடுது. ரிங் கதை அதோட முடிஞ்சுது.

லேத்துல குடுத்து போர் பண்றது, அதாவது உள்சுவரக் கடைஞ்சு அகலப்படுத்தறது. இதை நான் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா நம்ம ஊர்ல இதுலதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. டிவிஎஸ் 50, பழைய புல்லட்டு இதுக்கெல்லாம் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டே பழகிட்டோம், அதெல்லாம் இரும்பு லைனர், கால் மிமீ அரை மிமீ கடைஞ்சாலும் உள்ள இரும்புதான் இருக்கும். செயின் சா சிலிண்டர் அப்படி இல்ல. அது முழுக்க அலுமினியம், உள்சுவர்ல மட்டும் குரோமோ இல்ல நிக்கல்-சிலிக்கன் கார்பைடோ முலாம் பூசிருப்பாங்க, அந்த முலாமோட தடிமன் ஒரு மிமீல பத்துல ஒரு பங்குகூட வராது. லேத்துல வச்சு கடைஞ்சா மொத சுத்துலயே முலாம் போயிரும், அப்புறம் அலுமினிய சுவர்ல அலுமினிய பிஸ்டன் ஓடும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஓவர்சைஸ் பிஸ்டனும் இந்த மெஷினுக்கு கடைல கெடைக்காது. நான் கேட்ட ஒரு லேத்துல, "தம்பி, இரும்பு ஸ்லீவ் எறக்கிடலாம், ஒரு கவலையும் வேணாம்"னு சொன்னார். ஸ்லீவ்னா உள்ள சொருகற இரும்புக் குழாய், எறக்கலாம்தான், ஆனா இந்த சிலிண்டர் சுவர் முழுக்க ஓட்டை ஓட்டையா இருக்கு, எக்சாஸ்ட், இன்டேக், ரெண்டு பக்கமும் கீழேருந்து பெட்ரோல் கலவை மேல வர்ற டிரான்ஸ்ஃபர், அத்தனையும் ஸ்லீவுல அதே இடத்துல அதே அளவுல வெட்டணும், அரை மிமீ மாறுனாலே இஞ்சினோட டைமிங்கே மாறிடும். கிட்டோட விலைய விட ஸ்லீவ் கூலி கூட வந்துச்சு. நன்றி அண்ணேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

போர வச்சுக்கிட்டு பிஸ்டன் மட்டும் மாத்தறது. மச்சான் மெஷினுக்கு நாங்க எடுத்த வழி இதுதான், எனக்கு ரொம்பப் பிடிச்ச வழியும் இதுதான். பிஸ்டன் பிடிச்சுக்கிட்ட சிலிண்டரப் பாத்தா மொதல்ல வயிறு எரியும், சுவரெல்லாம் கோடு கோடா நாசமாத் தெரியும். ஆனா முக்கால்வாசி நேரம் அது சுவருல விழுந்த காயம் இல்ல, பிஸ்டனோட அலுமினியம் உருகி சுவர் மேல அப்பிக்கிட்டது. முலாம் அலுமினியத்த விட பல மடங்கு கடினம், அதனால காயம் படறது பிஸ்டனுக்குத்தான். அப்பிக்கிட்டத எடுத்துட்டா அடியில முலாம் முழுசா இருக்க வாய்ப்பு நெறைய.

எடுக்கறதுக்கு ஆசிட். பாத்ரூம் கழுவ விக்கிறாங்களே, ஹைட்ரோகுளோரிக், அதேதான். கொல்லைல வேப்ப மரத்தடில காத்து வர்ற இடமாப் பாத்து உக்காந்தோம், கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்கு கண்ணாடி, பக்கத்துல ஒரு வாளி தண்ணி, சமையல் சோடா ஒரு டப்பா. பிளீச்சிங் சமாச்சாரம் எதையும் கிட்டயே வச்சுக்காதீங்க, ரெண்டும் கலந்தா வர்ற புகை ஆள் கொல்லி. காது குடையற பஞ்சுக் குச்சிய ஆசிட்ல தொட்டு, அப்பிக்கிட்ட கோட்டு மேல மட்டும் தடவுறோம், உடனே சுர்ர்ருனு சின்னச் சின்னதா நுரை பொங்குது, ரசம் கொதிக்கறப்போ ஓரத்துல கட்டுமே அந்த மாதிரி, ஆனா சாம்பல் நுரை. நுரை வர்ற எடத்துல அலுமினியம் இருக்கு, வராத எடத்துல முலாம் இருக்கு, அவ்ளோதான் கணக்கு. ஒரு நிமிஷம் விட்டு, துணியால தொடச்சு, மறுபடி. நாலாவது தடவை தடவுனப்போ நுரை நின்னுச்சு. மச்சான் நகத்தால கீறிப் பாத்துட்டு, "மாப்ள, கண்ணாடி மாதிரி இருக்குடா"ன்னார். அவர் மூஞ்சில அன்னிக்குத்தான் ரெண்டு வாரம் கழிச்சு சிரிப்பு வந்துச்சு.

எச்சரிக்கை ரெண்டு. போர்ட் ஓட்டைகளோட உள்பக்கம் முலாம் கெடையாது, அங்க ஆசிட் வழிஞ்சா சிலிண்டரையே தின்னுரும், முலாமுக்கு அடியிலயும் பூந்து செதில் செதிலாக் கெளப்பிடும். அதனால ஊத்தாதீங்க, தொட்டுத்தான் வைக்கணும். இன்னொண்ணு, அப்புனது எல்லாம் போன பிறகும் ஒரே எடத்துல நுரை நிக்காம வந்துக்கிட்டே இருந்தா அங்க முலாம் இல்ல, வெறும் அலுமினியம் கரையுது, அந்த சிலிண்டர் கதை முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சதும் சோடா தண்ணில கழுவி, சோப்புத் தண்ணில கழுவி, காய வச்சு, உடனே எண்ணெய் தடவணும்.

இதுக்கு முன்னாடியே என் சைனா சிலிண்டருக்கும் இதே வைத்தியம் பண்ணலாம்னு ஆசையா எடுத்திருந்தேன். எக்சாஸ்ட் ஓட்டைக்கு மேல ஒரு அஞ்சு பைசா அகலத்துக்கு முலாமே உரிஞ்சு போயிருந்துச்சு, விரல் நகம் அந்த விளிம்புல தட்டுது. ஆசிட் தேவையே படல. அதோட பிஸ்டன் மட்டும்கற வழி எனக்கு மூடிருச்சு.

மூடாம இருந்தாலும் சைனா மெஷினுக்கு பிஸ்டன் மட்டும் வாங்கறதுல இன்னொரு சிக்கல் இருக்கு. ஸ்டிக்கர்ல 58னு போட்ருக்கும், அத நம்பாதீங்க. இந்தக் குடும்பத்து மெஷின்கள்ல 45 சிசின்னு விக்கறதுக்கு 43 மிமீ, 52ன்னு விக்கறதுக்கு 45, 58ன்னு விக்கறதுக்கு 45.2ன்னு பிஸ்டன் வரும், வெளில பாடி எல்லாம் ஒரே மாதிரி, ஸ்டிக்கர் மட்டும் விக்கறவர் இஷ்டம். 45க்கும் 45.2க்கும் கண்ணால வித்தியாசம் தெரியாது, ஆனா மாத்திப் போட்டா ஒண்ணு உள்ளயே போகாது, இல்ல லொடலொடன்னு ஆடும். நுணுக்கமா அளக்கற வெர்னியர் இல்லாம பிஸ்டன் மட்டும் ஆர்டர் போடறது லாட்டரி. கிட்டா வாங்குனா போரும் பிஸ்டனும் ஜோடியாவே வந்துரும், இந்தத் தலைவலி இல்ல.

அதனால எனக்கு முழு கிட். சிலிண்டர், பிஸ்டன், ரிங், பிஸ்டன மாட்டற பின், அந்தப் பின் நழுவாம பிடிக்கற லாக், சிலதுல கேஸ்கெட்டும் சேந்தே வரும். நான் வாங்குனப்போ புது மெஷின் விலைல அஞ்சுல ஒரு பங்குதான் ஆச்சு. சைனா மெஷினுக்கு இது நல்ல பேரம், ஏன்னா பழைய சிலிண்டரும் இதே தரம்தான், நாம எதையும் எழக்கல. ஆனா நல்ல கம்பெனி மெஷினுக்கு விலை கம்மியா இருக்குன்னு இந்த மாதிரி டூப்ளிகேட் போர் போடறது, என்னயக் கேட்டா, வேண்டாம். ஒரிஜினல் போர், நல்லா இருக்கற பட்சத்துல, எந்த வெளிக் கிட்டையும் விட மேல். பணத்த ஒரிஜினல் பிஸ்டன்ல போடுங்க, இல்ல மீட்டியார் மாதிரி இத்தாலி பிஸ்டன் கெடைச்சா அதப் போடுங்க. ஒரிஜினல் போர் செத்துருச்சு, ஒரிஜினல் கிட் விலை கேட்டா தல சுத்துதுன்னா, அப்பதான் வெளிக் கிட்டப் பத்தி யோசிக்கணும்.

கிட் வந்ததும் அப்படியே எடுத்து மாட்டிடாதீங்க. எனக்கு வந்த சிலிண்டர்ல போர்ட் விளிம்பெல்லாம் புது பிளேடு மாதிரி கூரா இருந்துச்சு, ரிங்கு அதத் தாண்டிப் போறப்போ மாட்டுனா ஒடிஞ்சு துண்டு துண்டாயிரும். ஈரம் பண்ணுன நைஸ் உப்புத்தாள விரல் நுனில சுத்தி, விளிம்பு மட்டும் லேசா உருள்ற அளவுக்குத் தேய்ச்சேன், சுவர்ல படாம. டிரான்ஸ்ஃபர் ஓட்டைக்குள்ள வார்ப்புப் பிசிறு ஒண்ணு தொங்கிக்கிட்டு இருந்துச்சு, கோணூசியால தட்டுனா விழுந்துருச்சு, அது ஓடறப்போ விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நீங்களே நினைச்சுக்கோங்க. அப்புறம் வெந்நீர், சோப்பு, பழைய பல் பிரஷ். வெள்ளத் துணியால உள்ள தொடச்சா துணி வெள்ளையாவே வரணும், எனக்கு அஞ்சாவது கழுவல்லதான் வந்துச்சு.

புது மெஷினே வாங்கறது. இதைக் கேவலமா நினைக்க வேண்டாம். பிஸ்டன கழட்டுனதும் கனெக்டிங் ராட, அதாவது பிஸ்டன கீழ சுத்தற கிராங்க் தண்டோட சேக்கற கம்பிய, பிடிச்சு மேலயும் கீழயும் நேரா அசைச்சுப் பாருங்க, பக்கவாட்டுல கொஞ்சம் ஆடலாம் தப்பில்ல, மேல கீழ துளிகூட ஆடக் கூடாது. ஆடுச்சுன்னா அடி பேரிங் போச்சு, கிராங்க் மாத்தணும், கேஸப் பிளக்கணும், மொத தடவைக்காரனுக்கு அது ஆகாத வேலை. சைனா மெஷின்னா அந்த இடத்துலயே நிறுத்திட்டு புதுசு வாங்கிடலாம், பழசு ஸ்பேர் பார்ட்சுக்கு ஆகும். மத்தபடி வருஷத்துக்கு நாலு தடவை விறகு அறுக்கற வீட்டுக்கு கரண்ட்ல ஓடற மெஷினே போதும், பெட்ரோலும் வேணாம் பிஸ்டனும் வேணாம், ஆனா தோப்புக்குள்ள ஒயர் இழுக்க முடியாதவங்களுக்கு அது ஆகாது.

கழட்டறதுல எது சுலபம்னு கேட்டா, இங்கதான் கதை திரும்புது. விலை கம்மியான சைனா மெஷின்தான் கத்துக்க ஏத்தது. மேல் மூடி, கார்புரேட்டர், சைலன்சர் கழட்டிட்டா சிலிண்டர் நாலு எல்என் கீ போல்ட்ல நிக்குது, நாலையும் எடுத்தா கையோட மேல வந்துரும், கிராங்க் கேஸத் தொடவே வேணாம். எம்எஸ் 250 மாதிரி மெஷின்ல இஞ்சின முழுசா பிளாஸ்டிக் பாடிலேருந்து வெளிய எடுக்கணும், அடில ஒரு தட்டு மாதிரி மூடி, அதக் கழட்டுனா கிராங்க், பேரிங், சீல் எல்லாம் சேந்து கைல வந்துரும். திருப்பி மூடறப்போ கேஸ்கெட் கெடையாது, பேஸ்ட்தான், பெட்ரோல்ல கரையாத பேஸ்ட்டா பாத்து வாங்கணும், வீட்டு ஜன்னலுக்கு அடிக்கற சிலிகான் பெட்ரோல் பட்டா கொழகொழன்னு ஆயிடும். ஆயில் சீல் ரெண்டையும் அப்பவே மாத்திடறதுதான் புத்திசாலித்தனம். நாங்க மொதல்ல என் மெஷின முடிச்சு கை பழகுன பிறகுதான் மச்சானோடதப் பிரிச்சோம். ரெண்டும் வச்சிருக்கறவங்க இதே வரிசைல போங்க.

நான் தடுமாறுன எடங்கள மட்டும் சொல்றேன். கிளட்ச் மரை தலைகீழ், வலது பக்கம் திருப்புனாத்தான் கழலும், இது தெரியாம நான் அரைமணி நேரம் இறுக்கிக்கிட்டு இருந்தேன். கிராங்க் சுத்தாம நிக்கறதுக்கு பிளக் ஓட்டை வழியா நைலான் கயிற உள்ள திணிச்சா பிஸ்டன் அதுல முட்டி நிக்கும், ஸ்க்ரூ டிரைவர் விட்டு நிறுத்தாதீங்க. பிஸ்டன் பின்னோட லாக் ரெண்டும் புதுசுதான் போடணும், பழசத் திருப்பிப் போடவே கூடாது, அதோட வாய் மேல பாத்தோ கீழ பாத்தோ இருக்கணும், பக்கவாட்டுல இருந்தா ஓட்டத்துல நழுவ வாய்ப்பு இருக்கு. லாக் போடறதுக்கு முன்னாடி கிராங்க் வாய்ல துணி அடைச்சுக்கோங்க. நான் அடைச்சேன், ஆனாலும் ஒண்ணு தெறிச்சு எங்கயோ போயிருச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு காந்தத்த வச்சுக்கிட்டு தவழ்ந்து கடைசில மாட்டுத் தொட்டிக்குப் பின்னாடி கெடைச்சுது. பிஸ்டன் தலைல உள்ள அம்புக்குறி எக்சாஸ்ட் பக்கம். ரிங்கோட ரெண்டு முனையும் பள்ளத்துல இருக்கற சின்ன குத்தூசிக்கு ரெண்டு பக்கமும் உக்காரணும், உக்காராம சிலிண்டர அழுத்துனா ரிங்கு ஒடியும். அழுத்தி எறக்கற வேலையே இல்ல அது, விரலால ரிங்க சுத்திப் பிடிச்சா தானா வழுக்கிக்கிட்டு எறங்கணும்.

மூடறதுக்கு முன்னாடி காத்து ஒழுகுதான்னு பாக்கணும், நெறைய பேர் இத விட்டுடறாங்க, விட்டுட்டு கிட்டக் குறை சொல்றாங்க. கடை கருவி எதுவும் எங்கிட்ட இல்ல. பழைய பிளக்கோட பீங்கான ஒடச்சு எடுத்துட்டு அந்த ஓட்டைல ஒரு டியூப் ஒட்டுனேன், கார்புரேட்டர் எடத்துலயும் சைலன்சர் எடத்துலயும் சைக்கிள் டியூப் துண்ட வச்சு அடைச்சு போல்ட் போட்டேன், கிராங்க் கேஸ்லேருந்து கார்புரேட்டருக்கு வர்ற சின்ன டியூப்பையும் மறக்காம அடைச்சேன். காத்து அடிக்க அப்பாவோட பிபி மெஷின். கைப்பட்டைய கழட்டிட்டு பல்ப்பையும் முள்ளையும் மட்டும் டியூப்ல மாட்டுனா போதும், பிஸ்டன கீழ எறக்கி வச்சுட்டு 300 வரைக்கும் அடிச்சேன், அது ஏறக்குறைய 0.4 பார், இந்த சோதனைக்கு அது போதும். முள்ளு சர்ருனு எறங்குச்சு. சோப்பு நுரை தடவுனா ஃபிளைவீல் பக்க சீல்ல முட்டை முட்டையா வருது. அந்த சீல மாத்தாம புது கிட் போட்டிருந்தா காத்து உள்ள போயி லீனா ஓடி எக்சாஸ்ட் பக்கம் பிடிச்சிருக்கும், நானும் கிட் மட்டம்னு சொல்லிக்கிட்டு திரிஞ்சிருப்பேன். பழைய சீல எடுத்து அது மேல இருக்கற நம்பர பேரிங் கடைல காட்டுனேன், ஒரு டீ வடை காசுதான் ஆச்சு. மறுபடி அடிச்சப்போ முள்ளு நின்னுச்சு.

ஓட்டறதுல ரெண்டு வார்த்தை. சைனா மெஷினுக்கு லிட்டருக்கு 40 மில்லி டூடி ஆயில், நல்ல ஆயிலா, மச்சான் மெஷினுக்கு அவங்க சொல்ற 1:50, அதாவது 20 மில்லி, கம்பெனி ஆயில். பங்க்ல இப்ப வர்றது இ20 பெட்ரோல், எத்தனால் இருக்கறதால அதே கார்புரேட்டர் செட்டிங்ல பழைய பெட்ரோல விட லீனா ஓடும், அதனால ஃபுல் ரேஸ்ல பெட்ரோல் அளவ மாத்தற எச் ஸ்க்ரூவ கொஞ்சம் தெறந்து விட்டு, சும்மா ரேஸ் பண்ணா கொஞ்சம் கரகரன்னும் மரத்துல வச்சா சுத்தமாவும் சத்தம் வர்ற எடத்துல நிறுத்துனேன். கலந்த பெட்ரோல மாசக்கணக்கா டேங்க்ல விட்டு வைக்காதீங்க, எத்தனால் ஈரத்த இழுத்துக்கிட்டு தண்ணி தனியா அடில நின்னுரும், கார்புரேட்டர் டயஃபரமும் டியூப்பும் வெறச்சுப் போகும். பிளக்குக்கு கரண்ட் குடுக்கற காயிலோட கேப்புக்கு விசிட்டிங் கார்ட ஃபிளைவீல் காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவுல விட்டு போல்ட இறுக்கிட்டு உருவிட்டேன், அளவு சரியா இருந்துச்சு. மொத மூணு நாலு டேங்க் தொடர்ச்சியா ஃபுல் ரேஸ்ல பிடிக்கல, மழுங்குன செயின வச்சு அழுத்தவும் இல்ல. தென்னை அறுக்கறவங்களுக்குத் தெரியும், அந்த நார் செயினத் தின்னுரும், செயின் மழுங்குனா நாம அழுத்துவோம், அழுத்துனா இஞ்சின் வேகும்.

என் மெஷின் இப்ப கம்ப்ரஷன் 145 காட்டுது. கயித்தப் பிடிச்சு மெஷினத் தூக்கினா அப்படியே தொங்குது, மெதுவா ஒரு ஒரு தட்டா எறங்குது. மூணு நாள் வேலை ஆச்சு, அதுல ஒரு நாள் முழுக்க கழுவுனதும் தேடுனதும்தான். கூலி வாங்கிட்டு அடுத்தவங்களுக்குப் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன்.

மச்சான் மெஷினுக்கு பிஸ்டனும் சீலும் ஆர்டர் போட்டு ஒரு வாரம் ஆச்சு. கழுவுன சிலிண்டர் எண்ணெய் தடவி பழைய லுங்கித் துணில சுத்தி அவங்க வீட்டு பரண்ல இருக்கு, அக்கா அது என்னன்னு ரெண்டு தடவை கேட்டாச்சு. அப்பா பிபி மெஷினத் தேடறார், பல்ப்புல கிரீஸ் கறை போகல, அதனால இன்னும் திருப்பிக் குடுக்கல.